ஆலையில் பொருத்திய கேஸ் டிடெக்டரைப் பராமரிப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஆலையில் நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் கேஸ் டிடெக்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். என்னிடம் இந்தப் பொறுப்பு வந்தபோது கையில் கிடைத்தவை ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தடித்த மேனுவலும், பாதி நிரப்பிய பழைய ரெஜிஸ்டரும்தான். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது, எந்தக் காகிதம் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் பிடிபட்டது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். டிஸ்பிளே 0 என்று காட்டினால் காற்றில் வாயு இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். வாயு இருந்தும் சென்சார் செத்துப்போய்க் கிடக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அதே 0, அதே பச்சை விளக்கு, கண்ட்ரோல் ரூம் பேனலில் அதே 4 மில்லி ஆம்பியர், அதாவது ஜீரோவுக்கான சிக்னல். உண்மையான வாயுவைக் காட்டிப் பார்க்காமல் எது உண்மை என்று சொல்லவே முடியாது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

1. உள்ளே இருப்பது எந்த வகை சென்சார் என்று பாருங்கள்

வெளிக்கூடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது வேறு வேறு. பெயர்ப்பலகையில் மாடல் எண்ணையும் சென்சார் வகையையும் பார்த்து, டேக் எண்ணோடு (ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஆலையில் கொடுத்திருக்கும் அடையாள எண்) ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் முறை, வாங்க வேண்டிய வாயு, செலவு எல்லாமே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

தீப்பற்றும் வாயுக்களுக்குப் பழைய, பரவலான வகை பெல்லிஸ்டர், அதாவது கேட்டலிடிக் பீட். வாயுவைச் சின்னதாக எரித்துப் பார்த்து அளக்கிறது, அதனால் இதற்கு ஆக்சிஜன் வேண்டும். இதன் பெரிய பலவீனம் விஷம்: சிலிக்கோன் ஆவி, ஈயம் கலந்த பொருட்களின் ஆவி, சில கந்தகச் சேர்மங்கள், குளோரின் மாதிரி ஹாலஜன் உள்ள கரைப்பான்கள் பட்டால் உணர்திறன் குறைந்துவிடும். பீட் அறுந்தால் ஃபால்ட் வரும், விஷமேறினால் எந்த ஃபால்ட்டும் வராது. ஜீரோ ஜோராக நிற்கும்.

நச்சு வாயுக்களுக்கும் ஆக்சிஜனுக்கும் பெரும்பாலும் எலக்ட்ரோகெமிக்கல் செல். உள்ளே எலக்ட்ரோலைட் இருக்கிறது, வெப்பமும் வறட்சியும் அதிகமான இடத்தில் அது காய்ந்துபோகும். நச்சு வாயு செல் காய்ந்தாலும் ஜீரோ ஜோராகவே நிற்கும்.

இன்ஃப்ராரெட் வகைக்கு விஷமும் ஏறாது, ஆக்சிஜனும் வேண்டாம். கண்ணாடியில் அழுக்கு படிந்தால் பெரும்பாலான மாடல்கள் தாங்களாகவே எச்சரிக்கை தந்துவிடும். ஆனால் ஹைட்ரஜன் இதற்குத் தெரியாது. பெல்லிஸ்டர் தொல்லை தருகிறது என்று இன்ஃப்ராரெட்டுக்கு மாற்றலாமா என யாராவது கேட்டால், அந்த இடத்தில் கசியக்கூடிய வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

2. காகிதங்கள்

களத்துக்குப் போகும் முன் இவை மேசையில் இருக்க வேண்டும்: அந்த மாடலுக்கான மேனுவல், கடைசி காலிபரேஷன் (தெரிந்த அளவு வாயுவைக் கொடுத்து ரீடிங்கைச் சரிசெய்வது) பதிவு, எந்த டிடெக்டர் எந்த அலாரத்தையும் எந்த ஷட்டவுனையும் தூண்டும் என்று சொல்லும் காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட், காலிபரேஷன் வாயு சிலிண்டரின் சான்றிதழ், வேலைக்கான பெர்மிட், இன்ஹிபிட் (சோதிக்கும்போது அந்த டிடெக்டர் அலாரத்தையும் ஷட்டவுனையும் தூண்டாதபடி தற்காலிகமாகத் தடுத்து வைப்பது) அனுமதி. அபாயப் பகுதியில், அதாவது வெடிக்கக்கூடிய வாயு இருக்க வாய்ப்புள்ள இடத்தில், இருக்கும் கருவி என்றால் அதன் வெடிப்புப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும்.

சர்வதேசத் தரநிலைகளில் இரண்டைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். தீப்பற்றும் வாயு டிடெக்டர்களையும் ஆக்சிஜன் டிடெக்டர்களையும் தேர்வு செய்வது, பொருத்துவது, பராமரிப்பது பற்றி ஐஇசி 60079-29-2. அபாயப் பகுதி மின்கருவிகளை ஆய்வு செய்வது பற்றி ஐஇசி 60079-17. மேனுவல் ஒன்று சொல்லி உங்கள் ஆலையின் நடைமுறை இன்னொன்று சொன்னால், எது கடுமையானதோ அதை எடுத்துக்கொண்டு பாதுகாப்புப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிலிண்டர் சான்றிதழில் மூன்று விஷயம் பாருங்கள்: காலாவதி தேதி, துல்லியம், மீதி நிரப்பியிருப்பது காற்றா நைட்ரஜனா. மூன்றாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. பெல்லிஸ்டருக்கு நைட்ரஜனில் கலந்த மீத்தேனைக் கொடுத்தால் எரிய ஆக்சிஜன் இல்லாமல் ரீடிங் சரியாக வராது, நீங்களோ சென்சார் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்றை ஆர்டர் செய்வீர்கள்.

3. இன்ஹிபிட்: இதில்தான் ஆலை நின்றுபோகும்

ஒரு டிடெக்டருக்கு வாயு காட்டினால் அது தன் வேலையைச் செய்யும். சைரன் அடிக்கும், வால்வு மூடும், சில இடங்களில் மொத்த யூனிட்டும் டிரிப் ஆகும், அதாவது தானாகவே நின்றுவிடும். அதனால் கண்ட்ரோல் ரூமில் சொல்லி, பேனலில் அந்தச் சேனலை இன்ஹிபிட் செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, டேக் எண்ணை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் கிளம்ப வேண்டும். பக்கத்துச் சேனலை இன்ஹிபிட் செய்துவிட்டு வந்தால் இரட்டை நஷ்டம்: சோதிக்கும் டிடெக்டர் ஆலையை நிறுத்தும், சோதிக்காத டிடெக்டர் குருடாக இருக்கும்.

மூன்றில் இரண்டு வாயுவைப் பார்த்தால் டிரிப் என்று வைத்திருக்கும் இடங்களில், ஒன்றை இன்ஹிபிட் செய்தால் மீதி இரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்ட்ரோல் பொறியாளரிடம் கேட்டு வையுங்கள். அது சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். ஒரே பகுதியில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் இன்ஹிபிட் செய்யாதீர்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று யார் சொன்னாலும் சரி.

அந்த இடத்தின் காவலை நீங்கள்தான் அணைத்திருக்கிறீர்கள், ஆகவே சட்டையில் மாட்டும் கையடக்க டிடெக்டர் கட்டாயம். மூக்கை நம்பவே நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது வாசனை உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும்.

4. சுத்தம் செய்யும் முன் ஒரு முறை வாயு காட்டுங்கள்

எல்லோருக்கும் முதலில் துடைத்துவிட்டு அப்புறம் சோதிக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் நேற்று வரை அந்த டிடெக்டர் வேலை செய்ததா என்ற கேள்விக்குப் பதில் என்றைக்கும் கிடைக்காது. அழுக்கு இருந்தபடியே, ஃபில்டர் மாட்டியபடியே, வாயு கொடுத்து என்ன ரீடிங் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டரில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லையென்றால் நீங்களே கோடு போட்டுச் சேருங்கள். சோதனை இடைவெளியைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதற்கு ஆதாரம் இந்த எண் ஒன்றுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில மாடல்களில் மழைக்காப்பு மூடியிலேயே வாயு செலுத்த ஒரு சின்ன முனை இருக்கும். அது வாயுவை ஃபில்டருக்கு வெளியே விடுகிறதா, ஃபில்டரைத் தாண்டி நேராகச் சென்சாரிடம் விடுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். தாண்டி விடும் வகை என்றால், ஃபில்டர் முழுக்க அடைத்திருந்தாலும் சோதனையில் பாஸ் ஆகிவிடும், ஆனால் நிஜக் கசிவு உள்ளே போகவே போகாது. அந்த மாடல்களுக்கு வெளியிலிருந்து மூடும் காலிபரேஷன் கப் வைத்துச் சோதிக்க முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். முடியாதென்றால், ஒவ்வொரு முறையும் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

5. சுத்தம் செய்வது

நல்ல எண்ணத்தோடு செய்த சுத்தத்தால் பாழாகும் சென்சார்கள் நிறைய. அதனால் எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சிலிக்கோன் உள்ள எதுவும் அருகில் வரக் கூடாது. பாலிஷ் ஸ்பிரே, லூப்ரிகன்ட் ஸ்பிரே, சிலிக்கோன் சீலன்ட், சில ஹேண்ட் கிரீம்கள் கூட இதில் அடங்கும். டிடெக்டரின் மேல் அடிக்க வேண்டும் என்றில்லை, பக்கத்துப் பம்பில் அடித்தாலே ஆவி வந்து பெல்லிஸ்டரைக் கெடுத்துவிடும். ஓ-ரிங்குக்கு கிரீஸ் போட வேண்டுமென்றால் மேனுவலில் சொன்ன, சிலிக்கோன் இல்லாத கிரீஸ் மட்டும். அடுத்து, கம்ப்ரஸ்டு ஏர். தூசியை ஊதித் தள்ளுவதாக நினைப்போம், அதில் வரும் எண்ணெயும் ஈரமும் ஃபில்டருக்குள் இறங்கும், மெல்லிய மெம்பிரேன் கிழியும். அதிக அழுத்தத் தண்ணீரும் அப்படித்தான்.

எலக்ட்ரோகெமிக்கல் செல் இருக்கும் இடத்தில் ஆல்கஹால் துடைப்பானையும் கை சானிடைசரையும் தவிர்த்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு செல் அந்த ஆவியையே வாயு என்று எடுத்துக்கொண்டு ரீடிங் காட்டும், அது இறங்க நேரம் பிடிக்கும்.

சரி, எப்படித்தான் செய்வது? வெளிக்கூட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மிதமான சோப்பு நீர், அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி. மழைக்காப்பு மூடியைக் கழற்றிக் கழுவி முழுக்கக் காயவிட்டு மாட்டலாம். உள்ளே சிலந்திக் கூடோ குளவிக் கூடோ இருக்கிறதா என்று பாருங்கள், வெளிப்புறத்தில் இருப்பவற்றில் அடிக்கடி இருக்கும். நீர்த்தடுப்பு ஃபில்டரைக் கழுவிப் பயன்படுத்த முயற்சிக்காதீர்கள். அது விலை குறைந்த பொருள், நிறம் மாறியிருந்தாலோ எண்ணெய் பட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

சென்சார் முகத்தில் இருக்கும் சின்டர் எனப்படும் துளையுள்ள உலோகத் தட்டு வெறும் வடிகட்டி என்று நினைத்து ஊசியாலோ கம்பி பிரஷாலோ குத்தாதீர்கள். உள்ளே தீப்பொறி வந்தால் வெளியே பரவாமல் தடுக்கும் வெடிப்புப் பாதுகாப்பின் ஒரு பகுதி அது. மென்மையான உலர்ந்த பிரஷால் மேலோட்டமாகத் தட்டலாம், அவ்வளவுதான். பெயின்ட் ஏறியிருந்தால் சுரண்ட வேண்டாம், கரைப்பானும் வேண்டாம், சென்சாரை மாற்றுங்கள்.

இன்ஃப்ராரெட் கண்ணாடிகளையும் ஜன்னலையும் தண்ணீர் தொட்ட மென்மையான துணியால் துடைத்தால் பெரும்பாலும் போதும். எண்ணெய்ப் படலம் இருந்தால் பல மேனுவல்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அனுமதிக்கின்றன. ஆனால் அதன் ஆவியையும் டிடெக்டர் பார்க்கும், முழுக்க ஆறிக் காய்ந்த பிறகே ரீடிங்கை நம்பலாம்.

தீத்தடுப்புக் கூட்டின் மூடியைத் திறக்க வேண்டியிருந்தால், அபாயப் பகுதியில் மின்சாரம் துண்டிக்காமல் திறக்கக் கூடாது. பெர்மிட்டில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. மூடியின் மரையில் கீறலோ பெயின்டோ அரிப்போ இருக்கிறதா, பயன்படுத்தாத கேபிள் துளைகளில் சான்றளித்த பிளக் இருக்கிறதா, கேபிள் கிளாண்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று அந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். மூடியை முழுக்க இறுக்கித்தான் மூட வேண்டும்.

6. ஜீரோவும் ஸ்பானும்

வாயு இல்லாதபோது 0 காட்ட வைப்பது ஜீரோ, தெரிந்த அளவு வாயுவைக் கொடுத்து அந்த அளவையே காட்ட வைப்பது ஸ்பான். மின்சாரம் துண்டித்திருந்தால் சென்சார் சூடாகி நிலைப்பட மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். சிலவற்றுக்குச் சில நிமிடம் போதும், புதிதாக மாட்டிய சில செல்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் இன்று செய்த ஜீரோ நாளைக்கே நகர்ந்திருக்கும்.

ஜீரோவைச் சுற்றுக்காற்றில் செய்யலாம் என்று மேனுவல் சொன்னாலும், கசிவு இருக்கக்கூடிய இடத்தில் சிலிண்டர் காற்றைப் பயன்படுத்துங்கள். காற்றில் கொஞ்சம் வாயு இருக்கும்போது ஜீரோ அடித்தால் அந்த அளவை இனி டிடெக்டர் கழித்துக்கொண்டே காட்டும். கார்பன் டையாக்சைடு டிடெக்டருக்குச் சுற்றுக்காற்று எப்போதுமே ஜீரோ ஆகாது, சாதாரணக் காற்றிலேயே 400 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது. அதற்கு நைட்ரஜன். ஆக்சிஜன் டிடெக்டருக்குச் சுத்தமான காற்று என்பது 20.9 சதவீத ஸ்பான், ஜீரோவுக்கு நைட்ரஜன்.

அப்புறம் ஸ்பான். கப்பை மாட்டி, மேனுவல் சொன்ன ஓட்டத்தில் வாயு கொடுங்கள். நிமிடத்துக்கு 0.5 லிட்டர் என்பது பரவலான அளவு, ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் கப் சரியாக உட்காரவில்லையென்றால் வாயு கலைந்து ரீடிங் குறையும். அதைப் பார்த்து ஸ்பானை ஏற்றிவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு, குளோரின், அம்மோனியா போன்றவை டியூபின் சுவரிலும் ரெகுலேட்டரிலும் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குப் பிடிஎஃப்இ போன்ற பொருளில் குட்டையான டியூப், வாயுவுக்கு ஒன்றாகத் தனித்தனி ரெகுலேட்டர், ரீடிங் எடுக்கும் முன் கொஞ்ச நேரம் வாயுவை ஓடவிடுவது, இந்த மூன்றும் அவசியம்.

மீத்தேன் விஷயத்தில் ஒரு கணக்குக் குழப்பம் வரும். கீழ்வெடிப்பு வரம்பு, அதாவது எல்இஎல் (காற்றில் வாயு தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு), சில அட்டவணைகளில் 5 சதவீதம், ஐஇசி அட்டவணையில் 4.4 சதவீதம். 2.5 சதவீத மீத்தேன் சிலிண்டர் முதல் கணக்கில் எல்இஎல்லில் 50 சதவீதம், இரண்டாவது கணக்கில் கிட்டத்தட்ட 57 சதவீதம். சிலிண்டரில் எழுதியிருக்கும் எல்இஎல் எண்ணைப் பார்க்காதீர்கள், கன அளவுச் சதவீதத்தைப் பார்த்து உங்கள் டிடெக்டர் எந்தக் கணக்கில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கசியக்கூடியது மீத்தேன் இல்லாமல் வேறு ஹைட்ரோகார்பன் என்றால், மேனுவலில் உள்ள திருத்தக் காரணியையும் பயன்படுத்த வேண்டும். மீத்தேனுக்கு அமைத்த பெல்லிஸ்டர் கனமான ஹைட்ரோகார்பன்களைக் குறைத்துத்தான் காட்டும்.

50 கொடுத்து 30 காட்டினால் பட்டனை அழுத்தி 50 ஆக்கிவிட்டுப் போவது சுலபம். செய்யாதீர்கள். ஓட்டம், கப், காலாவதி, ஃபில்டர் எல்லாம் பார்த்த பிறகும் 30 என்றால் சென்சார் சாகிறது. இன்று ஏற்றிவிட்டால் அடுத்த சோதனை வரை அது இன்னும் எவ்வளவு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. மாற்றுங்கள். கடைசிச் சோதனையிலிருந்து இன்று வரை அந்த இடத்துக்குச் சரியான காவல் இருந்திருக்காது என்பதைப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

7. பேனல் வரை சரிபார்ப்பது

டிடெக்டரின் டிஸ்பிளே சரி, பேனலில் என்ன? வாயு ஓடும்போதே ரேடியோவில் கண்ட்ரோல் ரூமிடம் எண்ணைக் கேளுங்கள். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலில் முழு அளவின் 50 சதவீதம் என்றால் 12, 20 சதவீதம் என்றால் 7.2. டிடெக்டர் 0 முதல் 100 பிபிஎம் என்றும் பேனல் 0 முதல் 50 என்றும் அமைந்திருந்தால், களத்தில் 20 காட்டும்போது பேனல் 10 என்று காட்டும், அலாரம் தாமதமாக வரும். ஜீரோவில் இரண்டும் 0தான் என்பதால் வாயு கொடுக்காத வரை இது வெளியே வராது.

வருடத்துக்கு ஒரு முறையாவது, ஆலை நிற்கும் சமயம் பார்த்து, இன்ஹிபிட் இல்லாமல் சைரனும் வால்வும் வரை முழுச் சுற்றையும் சோதிக்கத் தேதி வாங்குங்கள். இந்தத் தேதி கடைசி நேரத்தில் கிடைக்காது. ஷட்டவுன் திட்டம் போடும்போதே பட்டியலில் ஏற்றிவிட வேண்டும்.

முடித்ததும் கப்பைக் கழற்றி, ரீடிங் முழுக்கக் கீழே இறங்கும் வரை காத்திருந்து, அப்புறம் இன்ஹிபிட்டை எடுக்கச் சொல்லுங்கள். இறங்குவதற்குள் எடுத்தால் அங்கேயே டிரிப். எடுக்க மறந்தால் அதைவிட மோசம், டிடெக்டர் மாதக்கணக்கில் வாயடைத்துக் கிடக்கும். ஷிப்ட் முடியும் முன் இன்ஹிபிட் பட்டியலைப் பிரின்ட் எடுத்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து போடுங்கள்.

8. செலவும் நேரமும்

ஒரு டிடெக்டருக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உயரத்தில் இருப்பவற்றுக்குச் சாரம் கட்டும் நேரமும் கூலியும் சோதனையைவிடப் பெரிதாக இருக்கும். பட்ஜெட்டில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அப்படிப்பட்ட இடங்களைப் பட்டியலிட்டு ஒரே சாரத்தில் முடிகிறவற்றை ஒன்றாகச் சேருங்கள், முடிந்தால் தரையிலிருந்து வாயு செலுத்தும் டியூபைப் பொருத்தச் சொல்லுங்கள்.

வாயுக் கணக்கு எளிது. 58 லிட்டர் சிலிண்டர் நிமிடத்துக்கு 0.5 லிட்டர் ஓட்டத்தில் 116 நிமிடம் வரும். ஒரு டிடெக்டருக்கு இரண்டு முறை கொடுப்பதையும் டியூபை நிரப்புவதில் வீணாவதையும் சேர்த்து நான்கைந்து நிமிடம் வைத்தால், இருபதுக்கும் மேற்பட்ட டிடெக்டர்களுக்குப் போதும். விலை குறைகிறது என்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வினைபுரியும் வாயுக்களின் ஆயுள் அவ்வளவு இருக்காது.

எலக்ட்ரோகெமிக்கல் செல் பொதுவாக 2 முதல் 3 வருடம், பெல்லிஸ்டர் 3 முதல் 5 வருடம் வரும், சூழல் மோசமென்றால் குறையும். உபரி செல்களை அலமாரியில் அடுக்கி வைக்காதீர்கள், பெட்டிக்குள்ளேயே அவற்றின் வயது ஓடிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டிய தேதிகளை முன்கூட்டியே எழுதி, டெலிவரிக்கு ஆகும் வாரங்களைக் கழித்து ஆர்டர் கொடுங்கள்.

சோதனை இடைவெளி? பல தயாரிப்பாளர்கள் 6 மாதத்துக்கு மேல் போகாதீர்கள் என்கிறார்கள். புதிய இடம், புதிய மாடல் என்றால் முதலில் மாதம் ஒரு முறை வாயு காட்டிப் பாருங்கள். 4ஆம் படியில் எழுதி வைத்த எண்கள் சில முறை நிலையாக இருந்தால், மேனுவலின் எல்லைக்குள் மெதுவாக நீட்டலாம்.

9. அட்டவணைக்கு வெளியே சோதிக்க வேண்டிய நேரங்கள்

டிடெக்டர் முழு அளவைத் தாண்டிய வாயுவைப் பார்த்திருந்தால் உடனே சோதியுங்கள். பெல்லிஸ்டர் அப்படி ஒரு முறை சூடானாலே ஜீரோவும் உணர்திறனும் நகர்ந்திருக்கலாம். பக்கத்தில் வெல்டிங், பெயின்டிங், சீலன்ட் வேலை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது ஏதாவது நடந்தாலும் அப்படியே. இந்த வேலைகளுக்கு வருபவர்கள் டிடெக்டரைப் பிளாஸ்டிக் கவரால் மூடிக் கட்டுவார்கள், அது நல்லதுதான், ஆனால் கவர் கட்டியிருக்கும்வரை அந்த இடம் காவலில்லாத இடம் என்பதால் அந்த டேக் எண்ணும் அவர்களின் பெர்மிட்டில் வர வேண்டும். அவர்கள் முடித்ததும் நீங்களே போய்க் கவரைக் கழற்றி, வாயு காட்டி, ரீடிங்கைப் பேனலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பெர்மிட்டை மூடக் கையெழுத்து போடுங்கள்.